ஐந்து டொலர் சேர்வரில் எங்கள் ஊர்த் தளம்

பதினொரு வருடமாக எங்கள் ஊர் இணையத்தளம் ஒரு ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் கிடந்தது. கோயில் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எப்போதாவது வயதானவர்கள் எழுதித் தரும் ஊர்க் கதைகள், அவ்வளவுதான். சாதாரண நாளில் ஒரு குறையும் இல்லை. தேர் அன்று ரொறன்ரோக்காரரும் பாரிஸ்காரரும் ஒன்றாக வந்து விழுந்தால் மட்டும் 508 என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் வரும். ஒரே கணினியில் ஏராளம் தளங்களை அடைத்து, உனக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுகிற ஏற்பாடு அது. அளவு தாண்டினால் கதவைச் சாத்திவிடும். அதையும் பொறுத்திருப்பேன், ஆனால் முதல் வருடம் மலிவாகத் தந்துவிட்டுப் புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு கேட்டதுதான் பொறுக்கவில்லை. பெயர் வேண்டாம்.

மாறிப்போனது லினோட்டுக்கு, மாத வாடகைக்குச் சேர்வர் தருகிற இடம். 2003இல் தொடங்கிய நிறுவனம், 2022இல் அகமாய் வாங்கிவிட்டது, ஆனாலும் பழகினவர்கள் இன்னும் லினோட் என்றுதான் சொல்கிறார்கள். இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன்: மாதம் 5 டொலர், 1 ஜிபி ராம், 25 ஜிபி இடம். தானாக நகல் (பக்கப்) எடுத்து வைக்க இன்னும் 2 டொலர். ரூபாவில் இரண்டாயிரம் சொச்சம். டொலரில் கட்டக்கூடிய அட்டை வேண்டும், எங்கள் ஊர்ச் சங்கத்திடம் அது இல்லாததால் என்னுடைய அட்டையில்தான் போகிறது, மாதக் கடைசியில் பொருளாளரிடம் பற்றுச்சீட்டைக் காட்டிக் காசு வாங்க வேண்டியிருக்கிறது.

எந்த ஊர்ச் சேர்வர் என்று கேட்கும். அவர்களுக்குச் சென்னையிலும் இடம் இருக்கிறது, பலாலியில் விமானம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிற தூரம், அதையே எடுக்கப் போனேன். பிறகுதான் யோசித்தேன்: எங்கள் தளத்தைப் படிப்பவர்களில் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள்? கணக்கைப் பார்த்தால் பத்தில் எட்டுப் பேர் கனடா, லண்டன், பிரான்ஸ், நோர்வே. ஊரில் இருப்பவர்கள் தேரை நேரில் பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஏன் படம்? லண்டனை எடுத்தேன். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் நிற்கிறது.

கோப்புகளைக் கொண்டுபோவதில் முதல் இரண்டு நாளை வீணாக்கினேன். 18 ஜிபி படங்களை எப்டிபியில் (கோப்புகளை ஏற்றி இறக்குகிற பழைய வழி) வீட்டுக் கணினிக்கு இறக்கி, அங்கிருந்து புதியதுக்கு ஏற்றுவோம் என்று தொடங்கியது என் பிழை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள், நடுவில் ஒருக்கா கரண்ட் போய் ரூட்டர் நின்றது, எதுவரை வந்தது என்றே தெரியவில்லை. கொக்குவிலில் இருக்கிற ஒரு தம்பியைக் கேட்டேன், கணினி வேலை செய்கிறவர். “அண்ணை, உங்கட வீட்டுக்கு ஏன் கொண்டு வாறீங்கள்? சேர்வரில இருந்து சேர்வருக்கு நேர இழுங்கோவன்” என்றார். ஆர்சிங்க் என்று ஒரு கட்டளை, ஒரு வரி. பழைய இடத்தில் எஸ்எஸ்எச் வசதி, அதாவது தூரத்தில் இருந்தே உள்ளே போய்க் கட்டளை கொடுக்கிற வழி, இருந்தது நல்லகாலம். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் பாதி போய்விட்டது. இடையில் அறுந்தாலும் அடுத்த முறை விட்ட இடத்தில் தொடங்கும், போனதைத் திரும்ப அனுப்பாது.

உண்மையான தலையிடி தமிழ்தான். எழுத்தெல்லாம் கிடக்கிற தரவுத்தளத்தை எடுத்துப் புதிய சேர்வரின் மரியாடிபி என்கிற தரவுத்தள மென்பொருளில் போட்டேன், தளம் திறந்தது, படங்கள் வந்தன, எழுத்து இருந்த இடமெல்லாம் குப்பை. ஆங்கிலச் சின்ன ஏ, அதன் தலையில் ஒரு சாய்ந்த கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ஆர், மறுபடியும் அதே ஏ. ஒரு பாட்டியின் மரண அறிவித்தல் முழுக்க இப்படி. நெஞ்சு திக்கென்றது. விஷயம் இதுதான்: பழைய தளத்தை நிறுவியவர் தரவுத்தளத்தை லத்தீன்1 என்று, அதாவது ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறையில், வைத்துவிட்டார். எல்லா மொழியையும் எழுதக்கூடிய யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அந்த மூன்றையும் அது மூன்று லத்தீன் எழுத்தென்று நினைத்து வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது, ஆகவே பதினொரு வருடமும் ஒருவருக்கும் தெரியவில்லை. புதிய சேர்வர் கெட்டிக்காரத்தனமாக லத்தீனை யூடிஎப்-8க்கு ‘மொழிபெயர்த்து’ எல்லாவற்றையும் கெடுத்தது. திருத்துவதும் ஒரு வரிதான்: லத்தீன்1 என்று சொல்லியே வெளியே எடுத்து, அந்தக் கோப்பில் லத்தீன்1 என்று வருகிற இடங்களை யூடிஎப்8எம்பி4 (தரவுத்தளத்தில் முழு யூடிஎப்-8க்கு அதுதான் பெயர்) என்று மாற்றி உள்ளே போட வேண்டும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க விடிய நாலு மணி ஆகிவிட்டது. பழைய தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள், மாறுவதற்கு முன் இதை ஒருக்கா பாருங்கள். (2000களில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்கள் நாற்பது இருக்கின்றன, அவற்றுக்கு இந்த வரி உதவாது, தனியாக உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான்.)

டொமைனைத் திருப்பியது சுலபம். தளத்தின் பெயர் எந்தச் சேர்வரைக் காட்டுகிறது என்று சொல்கிற பதிவு டிஎன்எஸ், பழைய பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதும் அதில் இருக்கும். அது 14400 செக்கன், அதாவது நாலு மணித்தியாலம் என்று இருந்ததை முதல் நாளே 300 ஆக்கினேன். திருப்பிய நேரம் பகல் 12 மணி, அப்போது ரொறன்ரோவில் அதிகாலை இரண்டரை, அங்கே தளத்துக்கு வர ஆள் இல்லை. ஆனால் பழைய தளத்தைப் பூட்ட மறந்துபோனேன். லண்டனில் இருந்து ஒருவர் தன் பெரியம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதி, அது பழைய சேர்வரில் போய் விழுந்து, மாலையில் “தம்பி, நான் எழுதினது எங்கே?” என்று போன். தேடி எடுத்துப் போட்டேன், ஆனால் அவர் குரல் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

இப்போது முகப்பு இரண்டு செக்கனுக்குள் திறக்கிறது, முன்பு ஏழு எட்டு. முகவரியில் பூட்டுக் குறி வரவைக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டில் இலவசம், காலாவதியாக முதல் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் இங்கே பொத்தான்களை அழுத்தி வேலை பார்க்கிற சீபனல் இல்லை, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரைதான். சேர்வர் திறந்து ஒரு மணி நேரத்துக்குள் யார் யாரோ ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்த வரிகள் சேர்வரின் பதிவேட்டில் குவிந்திருந்தன, கடவுச்சொல்லை நிறுத்தி சாவிக் கோப்பால் மட்டும் நுழைகிறபடி மாற்றினேன். சங்கத்தின் மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்தது, இங்கே அது தனி வேலை, அதைச் சோஹோ என்கிற மின்னஞ்சல் சேவைக்கு மாற்றிவிட்டேன்.

உங்கள் ஊரில் எனக்கு வாய்த்த கொக்குவில் தம்பி மாதிரி ஒருவர் இல்லாவிட்டால் இதில் இறங்காதீர்கள், அந்த மூன்று மடங்கைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். எனக்கு அடுத்த சோதனை ஆவணித் தேர். அதற்கு முதல் நாள் ஒரு மாதத்துக்கு மட்டும் 2 ஜிபி ராம் உள்ள சேர்வருக்கு ஏற்றிவிட்டு, பிறகு இறக்கலாம் என்றிருக்கிறேன், பொருளாளரிடம் இன்னும் சொல்லவில்லை.