குரோமா, ஸ்டெயின்லெஸ்ஸா, கருப்பு ஆக்சைடா: சென்னைக் காற்றுக்கு எந்த ராடு?

சென்னையில் ஜிம்முக்கு ஒலிம்பிக் ராடு, அதாவது இரண்டு முனையிலும் பிளேட் மாட்டி எடை தூக்கும் நீளமான இரும்புத் தண்டு, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். கடையிலும் ஒரு பெரிய எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த ஊரில் ராடு இரண்டு வழியில் கெடுகிறது, ஒன்று துருப்பிடிக்கும், இல்லாவிட்டால் வளையும். துருவைத் தீர்மானிப்பது மேல்பூச்சு. வளைவதைத் தீர்மானிப்பது ஸ்டீலின் தரமும், நாம் அதை எதன் மேல் போடுகிறோம் என்பதும். இந்த இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலில் பூச்சு. பெரியமேடு கடைகளில் அதிகம் கண்ணில் படுவது பளபளவென்ற குரோம் ராடு. இதில் இரண்டு வகை உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்று அழகுக்காகப் போடும் மெல்லிய குரோம், இன்னொன்று ஹார்ட் குரோம். மெல்லிய குரோமில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும், அதன் வழியாக வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே போய் அடியிலிருக்கும் ஸ்டீலைத் தின்ன ஆரம்பிக்கும், மேலே பளபளப்பு அப்படியே இருக்க ஒரு நாள் செதில் செதிலாக உரியும். உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி கூராக இருக்கும், தரையிலிருந்து ராடை இழுத்துத் தூக்கும் டெட்லிஃப்டின்போது உள்ளங்கையைக் கிழித்துவிடும். ஹார்ட் குரோம் தடிமனானது, தேயாது, சரியாகப் போட்டிருந்தால் சென்னையில் பல வருஷம் தாக்குப்பிடிக்கும். கடையில் ராடைக் கையில் எடுத்து, பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பாக வெட்டியிருக்கும் நர்லிங்கின் பள்ளங்களை வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளத்தின் அடி வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

ஜிங்க் பூச்சு விலை குறைவு. ஜிங்க் தான் அழிந்து உள்ளிருக்கும் இரும்பைக் காப்பாற்றும், மாடியில் போடும் ஜி.ஐ. ஷீட்டில் இருப்பதும் அதே ஜிங்க்தான். ஆனால் ராடின் மேல் அந்தப் பூச்சு ரொம்ப மெல்லியது, அதோடு தினமும் கை பட்டுத் தேய்கிறது. கடலோரத்தில் முதலில் மங்கும், அப்புறம் வெள்ளையாகப் பவுடர் பூக்கும், அதற்குப் பிறகு பூச்சு தேய்ந்த இடத்தில் துரு. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வீட்டுக்குள் வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு இது போதும். ராயபுரத்திலோ திருவான்மியூரிலோ மொட்டை மாடி ஜிம்முக்கு வேண்டாம்.

கருப்பு ஆக்சைடு ராடைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதை விட மனசு வராது. தனியாக ஒரு பூச்சு கிடையாது, ஸ்டீலின் மேல்பரப்பையே ரசாயனத்தால் கருப்பாக்குகிறார்கள், அதனால் நர்லிங் வெட்டியது வெட்டியபடி கையில் ஏறும். பிடி அருமை. பாதுகாப்பு என்று பார்த்தால், அந்தக் கருப்பு மேல்பரப்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வரைதான். எண்ணெய் காய்ந்தால் பாதுகாப்பும் போயிற்று. அக்டோபரில் மழை பிடித்து டிசம்பர் வரை ஈரம் விடாத ஊரில், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடும் ஆள் இருந்தால் மட்டும் இதை வாங்கலாம். பூச்சே இல்லாத வெறும் ஸ்டீல் ராடுக்கு அந்த வேலை தினமும் வேண்டும், அதனால் இந்த ஊருக்கு அதைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ராடு விலையில் எங்கேயோ போகும். பூச்சு இல்லாததால் உரியும் கவலை இல்லை, பிடியும் வெறும் ஸ்டீல் பிடி. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள், பணமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உப்பு படிந்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் டீக்கறை போல் திட்டு விழும், துடைக்காமல் விடக் கூடாது. இன்னொன்று, ‘ஸ்டெயின்லெஸ் ராடு’ என்று விற்பதில் நிறைய நடுத்தண்டு மட்டும்தான் ஸ்டெயின்லெஸ், பிளேட் மாட்டும் ஸ்லீவ் குரோமாக இருக்கும். கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். செராக்கோட் என்று கலர் கலராக வரும் செராமிக் கலந்த பூச்சும் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், ஆனால் ராடைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கில் உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும்.

என் தேர்வு, பெரும்பாலானவர்களுக்கு நல்ல ஹார்ட் குரோம்.

பூச்சு எதுவானாலும் பராமரிப்பு இல்லாமல் நிற்காது. கை வழுக்காமல் இருக்கப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் சாக் பவுடர், வியர்வை, தோல் துகள் மூன்றும் நர்லிங் பள்ளத்தில் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு ஆரம்பிப்பது அங்கேதான். இதைத் தட்டிவிட நைலான் பிரஷ்ஷா, பித்தளைக் கம்பி பிரஷ்ஷா என்று கேட்டால், பூச்சுள்ள ராடுக்கு நைலான், வெறும் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பிடிவாதமான துரு இருந்தால் பித்தளை. இரும்புக் கம்பி பிரஷ் எதற்குமே வேண்டாம், துருவோடு பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுவது நிறைய இடத்தில் நடக்கிறது. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட நாள்பட சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும், சாக்கோடு சேர்ந்து பிசினாகிவிடும். டபிள்யூ.டி.40 அடிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் அது நல்லது, ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான், ஸ்லீவுக்குள் அடித்தால் உள்ளே இருக்கிற கிரீஸையும் கழுவி எடுத்துவிடும். அதை அடித்துத் துடைத்த பிறகு மேலே ஒரு எண்ணெய் வேண்டும். த்ரீ-இன்-ஒன் அல்லது சாதாரணத் தையல் மெஷின் எண்ணெய் போதும், சின்ன பாட்டில் மாசக்கணக்கில் வரும். பழைய பனியன் துணியில் நாலு சொட்டு விட்டுத் தண்டு முழுக்கத் தேய்த்து, கொஞ்சம் ஊறவிட்டு, மறுபடி காய்ந்த துணியால் கையில் வழுக்காத அளவுக்குத் துடைக்க வேண்டும். ஸ்லீவ் உள்முனையில் இரண்டு சொட்டு விட்டுச் சுற்றிவிட்டால் அந்த வேலையும் முடிந்தது.

ஏ.சி. ஜிம் வைத்திருப்பவர்கள் தங்கள் ராடுக்கு ஈரமே படாது என்று நினைக்கிறார்கள். இரவெல்லாம் ஏ.சி. ஓடி ராடு குளிர்ந்திருக்கும், காலையில் கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் புழுக்கக் காற்று அதன் மேல் பட்டு வியர்த்துவிடும். நர்லிங்கில் விரலை வைத்தாலே ஈரம் தெரியும். திறந்ததும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். மொட்டை மாடிக்காரர்கள் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி தேவலாம். நிறுத்தி வைப்பதைவிடச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துப் படுக்க வைப்பது மேல், நிறுத்தினால் எண்ணெயும் வியர்வையும் கீழ் ஸ்லீவுக்குள் இறங்கிச் சேரும்.

இனி வளைவது. எந்த ராடும் எடை ஏறினால் வளையத்தான் செய்யும், திரும்பி நேராகிறதா என்பதே கேள்வி. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் முறையில், தூக்கியது 179 கிலோ. அந்தப் போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் ராடு 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், 28 மில்லிமீட்டர் தண்டு. தலைக்கு மேலிருந்து கீழே விட்டாலும் நேராகவே இருக்கும், ஏனென்றால் விழுகிற அடியை வாங்குவது 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் பம்பர் பிளேட், அடி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தரையில் பரவுகிறது. நம் ஜிம்மில் அதைவிடக் குறைந்த எடையில் ராடு வளைகிறது என்றால், பெரும்பாலும் யாரோ ரேக்கின் இரும்பு சேஃப்டி மேல் (கை நழுவினால் ராடைத் தாங்க ரேக்கில் மாட்டும் குறுக்குக் கம்பி) போட்டிருப்பார்கள். இரண்டு பக்க எடையும் கீழே இழுக்க, நடுத்தண்டில் ஓர் அங்குல இரும்பு அத்தனை அடியையும் ஒரே புள்ளியில் கொடுக்கும். ரேக் புல், அதாவது தரைக்குப் பதில் ரேக்கின் கம்பியிலிருந்து டெட்லிஃப்ட், செய்து ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி மேல் ‘டங்’கென்று விடுவதும் இதே கதைதான். இரும்பு சேஃப்டிக்குப் பதில் நைலான் பட்டை சேஃப்டி கிடைத்தால் அதைப் போடுங்கள், பட்டை அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஜிம் மாஸ்டர்கள் “தம்பி, வெயிட்டைப் போடாதே, இறக்கி வை” என்று கத்துவது சும்மா இல்லை.

28 மில்லிமீட்டரா, 29 மில்லிமீட்டரா? ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அந்த ஒரு மில்லிமீட்டர் சுமார் 15 சதவீத விறைப்பைக் கூட்டுகிறது. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என்று கன எடையை மெதுவாகத் தூக்குவது மட்டும் செய்பவர்களுக்கு 29 நல்லது, ஸ்னாட்ச், கிளீன் என்று வேகமாகத் தலைக்கு மேலோ தோளுக்கோ ஏற்றுபவர்களுக்குத் துள்ளல் வேண்டும், அவர்களுக்கு 28. ஆனால் விறைப்பும் பலமும் ஒன்றல்ல. மலிவு ஸ்டீலும் நல்ல ஸ்பிரிங் ஸ்டீலும் ஒரே விட்டத்தில் ஒரே மாதிரிதான் விறைக்கும், வித்தியாசம் எந்த எடையில் நிரந்தரமாக வளைகிறது என்பதில். அதனால் கடையில் இழுவிசை பலம் எவ்வளவு என்று கேளுங்கள், 1,90,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அல்லது அதற்கு மேல் என்று எழுத்தில் கொடுத்தால் நல்ல அறிகுறி. ஒரு அங்குல ஓட்டை பிளேட்டுக்கு வரும் ஐந்தடி, ஆறடி வீட்டு ராடுகளுக்கு இந்த எண்ணே எழுதியிருக்காது, அவற்றில் நூறு கிலோ ஸ்குவாட்டுக்குப் போக வேண்டாம்.

பிளேட்டோடு ரேக்கில் இரவெல்லாம் விட்டால் வளையுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல ஸ்டீல் வளையாது. மலிவு ராடு என்றால் விடாதீர்கள்.

மூடுகிற ஜிம்மிலிருந்து பழைய ராடு வாங்குவதும் புதிய மலிவு ராடு வாங்குவதும் பெரும்பாலும் ஒரே விலைக்கு வரும். பூச்சு கொஞ்சம் போயிருந்தாலும் நேராக இருக்கிற பழைய நல்ல ராடுதான் என் ஓட்டு. ரேக்கில் வைத்து நடுத்தண்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றி, ஸ்லீவ் முனையைப் பின்னாலிருக்கும் சுவரின் ஒரு கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். முனை மேலும் கீழும் ஆடினால் வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்பார்கள், அந்த ராடு அதே இடத்தில் மறுபடி விட்டுக்கொடுக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஸ்லீவ் முனையில் போல்ட் இருக்கிறதா, சர்க்லிப் (பள்ளத்தில் உட்காரும் ஸ்பிரிங் வளையம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். போல்ட் போட்டது அதிர்வில் தளர்ந்து ஸ்லீவே கழன்று வரலாம், சர்க்லிப் போட்டதைத்தான் எடுக்க வேண்டும்.