ஷட்டவுனில் மட்டும் விழுந்த கர்னல்

என் மடிக்கணினியில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். அதன் மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட் வந்தால் போட்டுவிடுவேன். வந்துபோனதே பெரும்பாலும் தெரியாது. உருப்படியான தொல்லை என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். அப்டேட் முடிந்த பிறகு வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆனால் ஷட்டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு எரியும். அணைந்துவிட்டது என்று நம்பிப் பைக்குள் வைத்தால் சூடேறிக் கிடக்கும்.

அந்த விளக்கைக் கவனிக்க வேண்டும். பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ் நிற்காமல் அடம்பிடித்தால், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து தானே அதை முடித்துவிடும். கேப்ஸ் லாக் மின்னினால் அது காத்திருப்பு இல்லை, கர்னல் பேனிக், அதாவது கர்னலே மீள முடியாத பிழையில் விழுந்து நின்றுவிட்டது.

முதலில் செய்தது, பூட் ஆகும்போது எந்தக் கர்னலைத் தொடங்குவது என்று காட்டும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலை எடுத்தது. அதில் சமர்த்தாக அணைந்தது. ஹார்டுவேர் மேல் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது.

அடுத்து லாக், அதாவது சிஸ்டம்டி ஜர்னலில் எழுதும் நிகழ்வுப் பதிவு. முந்தைய பூட்டின் ஜர்னலில் கடைசி வரி 'ஜர்னல் ஸ்டாப்டு'. பிழை என்று ஒரு எழுத்து இல்லை. மறுமுறை பூட் ஆனபோது ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் வேலையும் நடக்கவில்லை. டிஸ்க் ஒழுங்காக விடுவிக்கப்பட்டிருந்தது. ஆக, லாக் எழுதுபவர் கிளம்பிப்போன பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் விழுகிறது. ஷட்டவுன் கோளாறைப் பிடிப்பது கடினமாக இருப்பது இதனால்தான்.

இங்கே கைகொடுத்தது கர்னலின் பிஸ்டோர் வசதி. பேனிக் ஆகும் நொடியில் கர்னல் தன் கடைசிச் செய்திகளை யூஇஎஃப்ஐ (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) நினைவகத்தில் எழுதிவைக்கும். அடுத்த பூட்டில் சிஸ்டம்டி அதை /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் என்ற கோப்புறைக்கு மாற்றும். சில லினக்ஸ் வகைகளில் இந்த வசதி அணைத்தே வரும், இயக்கிக்கொள்ள வேண்டும். செய்தி துண்டு துண்டாக இருக்கும். பார்ட் 1 என்பதுதான் கடைசித் துண்டு, அதனால் பெரிய எண்ணிலிருந்து கீழே படித்து வர வேண்டும்.

படித்ததும் விஷயம் விளங்கியது. டிவைஸ் ஷட்டவுன் என்ற கட்டத்தில் கர்னல் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு 'உன் சாதனத்தை நிறுத்து' என்கிறது. விழுந்த இடத்தில் இருந்தது தனியாக நிறுவிய வைஃபை டிரைவர். பெயருக்குப் பக்கத்தில் 'ஓ' என்ற குறி, அதாவது கர்னல் மூலத்துக்கு வெளியே இருந்து வந்தது. டிகேஎம்எஸ் என்ற கருவி புதிய கர்னலுக்கு அதை மறுபடி கம்பைல் செய்திருந்தது, பிழையும் காட்டவில்லை. ஆனால் கம்பைல் ஆவது வேறு, வேலை செய்வது வேறு. நாம் பயன்படுத்தும் மென்பொருள்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கறார். ஆனால் டிரைவர்கள் நம்பியிருக்கும் கர்னலின் உள் இடைமுகங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாறும். டிரைவரின் ஷட்டவுன் பகுதி அணைக்கும்போது மட்டுமே ஓடுவதால் பகல் முழுக்க எந்த அறிகுறியும் தெரியவில்லை.

உறுதிப்படுத்த, மோட்புரோப் கட்டளை மூலம் அந்த டிரைவர் மாட்யூலைக் கழற்றிவிட்டு ஷட்டவுன் கொடுத்தேன். உடனே அணைந்தது. அதையே சிறு சர்வீஸாக எழுதி வைத்துச் சில காலம் ஓட்டினேன். பிறகு அதே சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே வந்ததும் வெளி டிரைவரையும் அந்த சர்வீஸையும் எடுத்துவிட்டேன். அதன்பின் இந்தத் தொல்லை இல்லை.

பழைய கர்னலை இடம் அடைக்கிறது என்று அழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், ஒன்றையாவது வைத்திருங்கள். பூட் ஆகும்போது கொடுக்கும் கர்னல் பாராமீட்டரில் பேனிக்=10 போட்டால் விழுந்த 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும், சூடேறிக் கிடக்காது. உங்கள் வைஃபை டிரைவர் எந்த வகை என்று தெரிய மோட்இன்ஃபோ கட்டளையை டிரைவர் பெயரோடு கொடுத்துப் பாருங்கள்: 'இன்ட்ரீ: ஒய்' என்ற வரி இருந்தால் அது கர்னலோடு வந்தது.