பிட்டத்து மடிப்பை 'எடுத்துத் தரும்' பேக்கேஜ்: சேலத்தில் பணம் கட்டுவதற்கு முன்

ஐந்தே வரியில் ஒரு துண்டுச் சீட்டு. மேலே கிளினிக் பெயர் இல்லை, கீழே மருத்துவர் கையெழுத்தும் இல்லை. ஃபேட் டிஸால்வ் ஊசி 6 சிட்டிங், ஃபில்லர் 2 மில்லி, ஆர்.எஃப். டைட்டனிங் 8, பீல் 4, க்ரீம் கிட். மொத்தம் 1,10,000 என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் 85,000. சேலத்தில் ஓர் அழகு கிளினிக்கில், கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: பிட்டம் முடிந்து தொடை தொடங்கும் இடத்தில் இருக்கிற கோடு போகுமா? "போயிடும் மேடம்" என்று சொன்னவர் மருத்துவர் அல்ல, ரிசப்ஷனுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த 'கவுன்சிலர்'.

போகாது. போகவும் கூடாது. ஏன் என்று புரிந்தால் சீட்டின் ஐந்து வரியும் தானாகக் கழன்றுவிடும்.

அந்தக் கோடு கொழுப்பு சேர்ந்து விழுந்த மடிப்பு அல்ல. அந்த இடத்துத் தோலின் உட்புறத்திலிருந்து கெட்டியான நார்ப்பட்டைகள் கிளம்பி, ஆழத்தில் உள்ள சவ்வையும், உட்காரும்போது நம் எடையைத் தாங்குகிற இடுப்பெலும்பு முனையையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தையில் தையல் போட்ட இடம் உள்வாங்கி, இரண்டு பக்கமும் பஞ்சு உப்பி நிற்குமே, அதே கதைதான். பிட்டத்துத் தசையின் கீழ் விளிம்புதான் இந்தக் கோடு என்று பலர் நினைக்கிறார்கள். தசை விளிம்பு சாய்வாக இறங்குகிறது, கோடு ஏறக்குறைய கிடையாக ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு. மேலே இருக்கும் கொழுப்பும் தோலும் தொடைப் பக்கம் சரியாமல் நிறுத்துவது இந்தத் தையல்தான். தீக்காயத்திலோ கட்டி எடுத்ததிலோ இந்த மடிப்பு போனவர்களுக்கு அதை மறுபடி உண்டாக்கித் தர பிளாஸ்டிக் சர்ஜன்கள் தோலை ஆழத்தோடு சேர்த்துத் தைக்கிறார்கள். ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கட்டித் தருவதை இன்னொருவர் காசு வாங்கிக்கொண்டு அவிழ்ப்பதாகச் சொல்கிறார்.

உங்களுக்கு இருப்பது இந்த முதன்மைக் கோடா, வேறு கோடா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நேராக நின்று, கைபேசியில் ஒரு படம். முழங்கால் மடங்காமல் இடுப்பை மட்டும் முன்னால் வளைத்து இன்னொரு படம். முதன்மைக் கோடு இரண்டாவதில் தட்டையாகிவிடும். பிட்டத்தை இறுக்கி மூன்றாவது படம். முதன்மைக் கோட்டுக்குக் கீழே தொடையில் இரண்டாவதாக ஒரு கோடு இருந்து, அது இறுக்கும்போது மங்கினால், அங்கே தசைப் பருமன் குறைவு அல்லது தோல் தளர்ச்சி என்று பொருள். வேகமாக எடை குறைத்தவர்களுக்கும், பிறவியிலேயே தட்டையான அமைப்பு உள்ளவர்களுக்கும், வயது கூடும்போதும் இப்படி வரும். நோய் அல்ல.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கிளினிக் சுவரில் தொங்கும் 'முன்–பின்' படங்கள் பெரும்பாலும் இதே வித்தைதான். முன் படத்தில் விளக்கு உச்சியில், முழங்கால் விறைப்பாக. பின் படத்தில் விளக்கு நேராக, இடுப்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து. ஊசி போடாமலே கோடு பாதி மறையும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று இரண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி சீட்டு. முதல் வரிதான் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியது. 'ஃபேட் டிஸால்வ்' என்பது மருந்தின் பெயரே அல்ல. உள்ளே டிஆக்ஸிகோலிக் அமிலம் இருக்கலாம், சோயாவிலிருந்து எடுக்கும் பாஸ்பாடிடைல்கோலின் கலவை இருக்கலாம், பெயரே இல்லாத ஏதோ இருக்கலாம். டிஆக்ஸிகோலிக் அமிலத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015இல் அனுமதி கொடுத்தது தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும். அதற்குச் சொன்ன அளவு: ஒரு புள்ளிக்கு 0.2 மில்லி, புள்ளிகளுக்கு இடையே 1 செ.மீ., ஒரு சிட்டிங்கில் அதிகபட்சம் 50 புள்ளி, அதாவது 10 மில்லி. சிட்டிங்குகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மாதம், மொத்தம் ஆறுக்கு மேல் கூடாது. ஆறு சிட்டிங்கை மாத இடைவெளியில் போட ஐந்து மாதம் வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு மாதம்தான். கவுன்சிலர் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தேதி குறித்துவிட்டார். முதல் வீக்கம் வடிவதற்குள் அடுத்த ஊசி.

இந்த மருந்து கொழுப்பணுவை மட்டும் தேடிப்போய்க் கொல்வதில்லை, பட்ட செல்லின் சவ்வைக் கரைக்கிறது. மேலோட்டமாகப் போட்டால் தோல் கருகிப் புண்ணாகும். ஆழமாகப் போனால் நரம்பு. தொடையின் பின்பக்கத்துக்கும் மடிப்புத் தோலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு பிட்டத் தசையின் கீழ் விளிம்பில்தான் வெளியே வருகிறது. காலுக்குப் போகும் பெரிய சயாட்டிக் நரம்பும் தசையின் மறைப்பை விட்டு இறங்குவது இங்கேதான். தாடைக்கு எழுதிய கணக்கை இங்கே கொண்டுவந்து போடக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது சிட்டிங் முடிந்து மூன்று வாரத்தில் ஊசி போட்ட வரிசையிலேயே கெட்டியான, கருஞ்சிவப்பு முடிச்சுகள் வந்தன. சிலவற்றில் நீர் கசிந்தது. கிளினிக் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தது, அடங்காததால் முடிச்சுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டது. இரண்டுமே தவறு. ஊசி போட்டு வாரக்கணக்கில் கழித்து வரும் முடிச்சு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளை. குழாய்த் தண்ணீரிலும், சரியாகக் கிருமிநீக்காத கருவிகளிலும், பலருக்குப் பங்கு போட்ட மருந்துக் குப்பியிலும் இருக்கும். சாதாரண ஐந்து நாள் மருந்து அவற்றைத் தொடாது, ஸ்டீராய்டு ஊட்டி வளர்க்கும். முடிச்சிலிருந்து சதைத் துண்டு எடுத்து, 'மைக்கோபாக்டீரியா பார்க்கவும்' என்று சீட்டில் குறிப்பிட்டே லேபுக்கு அனுப்ப வேண்டும். குறிப்பிடாவிட்டால் வழக்கமான கல்ச்சரை இரண்டு மூன்று நாளில் 'கிருமி இல்லை' என்று முடித்துவிடுவார்கள். உறுதியானால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இந்த நிலையில் பேக்கேஜ் போட்ட கிளினிக்குக்கே திரும்பப் போகாதீர்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, எம்.டி. தோல் படித்த மருத்துவரிடமோ போங்கள். கூச்சத்தில் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் தழும்பு ஆழமாகிறது.

அடுத்து ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஏற்றி உப்ப வைப்பது, 2 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அதில் பாதிகூட இல்லாததை இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சாண் நீளத்துக்கு மேல் பரப்பினால் என்ன தெரியும்? அதுவும் நாள் முழுக்க மேலே உட்காரும் இடம். ஹயலூரானிக் அமிலமாக இருந்தால் காசு வீண் என்பதோடு போகும், தப்பானால் கரைக்க ஹயலூரானிடேஸ் இருக்கிறது. 'நிரந்தர ஃபில்லர்', 'ஜெல்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உடல் வடிவத்துக்காகத் திரவ சிலிகான் ஏற்றுவதை எஃப்.டி.ஏ. 2017இல் வெளிப்படையாக எச்சரித்தது. அது இடம் நகரும், ரத்தக்குழாயில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து, திரும்ப முழுதாக எடுக்கவும் முடியாது.

ஆர்.எஃப். என்கிற ரேடியோ அலைச் சூடு தோலைக் கொஞ்சம் இறுக்கலாம், தையலை அது தொடுவதில்லை. சீட்டிலேயே கெடுதல் குறைந்த வரி.

பீல், அதாவது அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது, நான்கு முறை. முகத்துக்கு பீல் போடும்போது மூக்கோரம், வாயோரம் வாசலின் தடவுவார்கள், கவனித்திருப்பீர்கள். அமிலம் மடிப்பில் தேங்கி ஆழமாக எரிக்கக் கூடாது என்பதற்காக. இங்கே மடிப்பின் மேலேயே ஊற்றுகிறார்கள். பிறகு வேர்வை, இறுக்கமான ஜீன்ஸ், ஸ்கூட்டர் சீட். நம் நிறத்துத் தோலில் எரிந்த இடம் முன்னைவிடக் கருக்கும்.

உண்மையில் பலர் 'கோடு' என்று சொல்வது கருமையைத்தான். வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் மணிக்கணக்கில் பலகையிலோ தரையிலோ உட்காருபவர்களுக்கு உராய்வில் கருக்கும். கெட்டியான மெத்தை, பருத்தி உள்ளாடை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது என்று மாற்றினால் மெதுவாகக் குறையும். விளிம்பு வளையமாக, அரிப்போடு இருந்தால் படர்தாமரை. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து உறுதி செய்யலாம். மருந்துக் கடையில் கொடுக்கும் 'மூன்றும் கலந்த' க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். வெல்வெட் துணிபோலத் தடித்துக் கருத்திருந்து, கழுத்திலும் அக்குளிலும் அப்படியே இருந்தால் பீல் வேண்டாம், வெறும் வயிற்று சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள். சீட்டின் கடைசி வரியான க்ரீம் கிட் லேபிள் இல்லாத டப்பாவாக இருந்தால் பெரும்பாலும் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோதான். மடிப்புக்குள் மருந்து அதிகம் இழுத்துக்கொள்ளும் என்பதால் தோல் மெலிந்து, போகாத வரிகள் விழும்.

 

பேக்கேஜ் பலிக்காதபோது அடுத்து வருவது 'லைப்போ பண்ணிடலாம்' அல்லது 'உள்ளே நாரை வெட்டி விட்டுடலாம்'. கோட்டுக்கு நேர்கீழே வாழைப்பழம்போல உப்பும் கொழுப்பை அளவுக்கு மீறி உறிஞ்சினால் மேலே இருப்பதற்குத் தாங்கல் போய்விடும். பிட்டம் சரிந்து, ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடு. அனுபவமுள்ள சர்ஜன்கள் தோல் ஆழத்தோடு ஒட்டியிருக்கும் இந்தக் கோட்டை லைப்போவில் தொடாத இடமாகவே வைத்திருக்கிறார்கள். நார் வெட்டுவது தனித்தனிக் குழிகளுக்கு உதவும், முதன்மைக் கோட்டில் செய்தால் மெத்தைத் தையலை அறுத்த கதை. தோலில் குழி குழியாகத் தெரியும் செல்லுலைட்டுக்கு என்று 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கொலாஜனேஸ் ஊசியும், கடுமையான ரத்தக்கட்டும் நீண்ட நாள் நிறமாற்றமும் வந்ததால் 2022 டிசம்பரில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இன்னும் அதன் பெயரைச் சொல்லி ஊசி விற்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது கோட்டுக்கு முயற்சி செய்ய வேண்டுமானால் ஹிப் த்ரஸ்ட், ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட் ஆகிய உடற்பயிற்சிகள். வாரம் இரண்டு மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று செட், எடையை மெல்லக் கூட்டிக்கொண்டு மூன்று மாதம். தசை கூடும், இரண்டாவது கோடு மங்கலாம். முதன்மைக் கோடு அப்படியே இருக்கும்.

எங்கே போனாலும் மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடுங்கள். எம்.டி. தோல் அல்லது எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி வேண்டும், காஸ்மெட்டாலஜி டிப்ளமா போதாது. குப்பியை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லி, பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியப் படம் எடுங்கள். பில் கேளுங்கள். அழகு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அதனால்தான் துண்டுச் சீட்டு. அழகு சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்காது.

அந்தப் பெண்ணின் 85,000 ரொக்கமல்ல. ரிசப்ஷனில் கைபேசியை வாங்கி, 'இஎம்ஐ தான் மேடம்' என்று ஓடிபி கேட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் போட்டுவிட்டார்கள். கிளினிக்குக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டது. தவணை மட்டும் மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து. தவணையைச் சும்மா நிறுத்தினால் சிபில் கெடும். முதலில் சிகிச்சையை நிறுத்துவதாகவும் மீதி சிட்டிங்குக்குப் பணம் திரும்ப வேண்டும் என்றும் கிளினிக்குக்குப் பதிவுத் தபால், அதன் நகல் ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு. பில் தராததும், குறைபாடான சேவைக்கு 30 நாளில் பணம் திருப்பித் தராததும் 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கிளினிக்குக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். உடம்புக்குக் கெடுதல் நடந்திருந்தால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனியாக எழுதுங்கள். இதற்கெல்லாம் ஆதாரம் பயாப்ஸி அறிக்கை, குப்பிப் படம், கவுன்சிலரோடு பேசிய வாட்ஸ்அப். அதை அழிக்காமல் இன்றைக்கே வேறு மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.