லைட்டரா, ஆட்டோ இக்னிஷனா, ஹாப்பா? பற்றாத அடுப்பை வைத்து ஓர் ஒப்பீடு

கேஸ் அடுப்பு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கண்ணாடியைத் தட்டிக் காட்டுவார், அப்புறம் பர்னர் பித்தளை என்பார். கடைசியில்தான் "ஆட்டோ வேணுமா, மேனுவல் போதுமா?" என்று வரும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் பலரும் ஆட்டோ என்று சொல்லிவிடுவார்கள். அது வேலை செய்யும் நாளில் எந்த அடுப்பும் நல்ல அடுப்புதான். பற்றாத நாளில் எது நமக்குப் பிடிகொடுக்கும் என்று பார்த்தால் தேர்வு வேறு மாதிரி அமைகிறது.

களத்தில் மூன்று வகை. லைட்டர் வைத்துப் பற்ற வைக்கும் சாதாரண அடுப்பு ஒன்று. நாப்பைத் திருப்பினால் 'டக்' என்று பொறி விடும் ஆட்டோ இக்னிஷன் அடுப்பு இன்னொன்று. மூன்றாவது, பேட்டரியிலோ கரண்டிலோ பொறி விடும், மேடையில் பதிக்கும் ஹாப்.

சாதாரண அடுப்பின் பெரிய பலம், அதில் கேஸும் பொறியும் தனித்தனி. லைட்டரில் பற்றவில்லையா, தீக்குச்சியில் பாருங்கள். குச்சியில் பற்றினால் கோளாறு லைட்டரில். குச்சியிலும் பற்றாவிட்டால் கேஸ் வரும் வழியில். ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும், மெக்கானிக்கும் வேண்டாம். தீப்பெட்டி விலை 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக ஏறியபோது செய்தியெல்லாம் வந்தது. ஆனாலும் அடுப்பங்கரையில் இதைவிட மலிவான சோதனைக் கருவி கிடையாது. குச்சியை முதலில் கிழித்துவிட்டு, பிறகு நாப்பைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

லைட்டருக்குள் இருப்பது ஒரு சிறு படிகம். ஸ்பிரிங் சுத்தி அதை அடிக்கும்போது பல ஆயிரம் வோல்ட் உண்டாகி, முனையில் பொறியாகத் தாவுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880-இல் க்யூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பேட்டரி கிடையாது, அதனால் தீர்ந்துபோகவும் எதுவும் இல்லை. பெரும்பாலும் கெடுப்பது முனையில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும்தான். உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் பல லைட்டர்கள் பிழைத்துக்கொள்ளும். பொறி கண்ணுக்குத் தெரிந்தும் அடுப்பு பற்றவில்லை என்றால், பிடிக்கும் இடம் தப்பு. பர்னருக்கு மேலே பிடிக்காமல், பக்கவாட்டுத் துளைகளுக்கு ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும்.

சரி, நம் கடைகளில் அதிகம் விற்கும் சாதா ஆட்டோ இக்னிஷனில் என்ன புதுமை? அதே படிகம் நாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு வயர் போய், பர்னருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானுக்குள் நிற்கும் ஊசியில் முடிகிறது. பால் பொங்கி வழியும் இடம், ரசம் தெறிக்கும் இடம், சனிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவும் இடம் எல்லாம் அந்த ஊசி நிற்கும் இடமே. லைட்டரை ஆணியில் மாட்டிக் காப்பாற்றலாம். இதை எங்கே கொண்டுபோய் மாட்டுவது?

இது மக்கர் செய்யும்போது காதைத்தான் முதலில் நம்ப வேண்டும். நாப்பைத் திருப்பினால் 'டக்' சத்தமே வரவில்லை என்றால், உள்ளே சுத்தியோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. அது கடைக்குப் போகிற வேலை. சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் ரெகுலேட்டரை மூடி, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு நாப்பைத் திருப்பிப் பாருங்கள். ஊசி முனையிலிருந்து பர்னர் விளிம்புக்கு நீலப் பொறி தாவ வேண்டும். தாவாவிட்டால் ஊசியில் அழுக்கோ ஈரமோ இருக்கும், அல்லது வயர் கழன்றிருக்கும். பொறி வேறெங்கோ, பீங்கானின் நடுவிலோ வயரின் வழியிலோ மின்னினால், அங்கே விரிசல் விட்டிருக்கிறது. இடைவெளியும் முக்கியம். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் சரியாக இருக்கும். கழுவிய பிறகு பர்னரைக் கோணலாக வைத்தாலே இந்த இடைவெளி மாறிவிடும். "பொங்கலுக்குக் கழுவினதிலிருந்து வேலை செய்யலை" என்ற புகாரில் பாதிக்கு விடை, பர்னரை நேராக வைப்பதும் ஊசியை உலர விடுவதும்தான்.

இந்த வகையில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. நாப்பைத் திருப்பினால்தான் பொறி வரும், திருப்பும்போதே கேஸும் வரும். பற்றவில்லையே என்று திரும்பத் திரும்பத் திருப்பினால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியேறுகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேடையிலிருந்து வழிந்து தரையோடு தங்கும். காற்றில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று தரம் பார்த்தும் பற்றாவிட்டால் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, சில நிமிடம் விட்டுத்தான் அடுத்த முயற்சி. வாடை பலமாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழைக்க வேண்டும்.

ஹாப்பில் கண்டுபிடிப்பது சற்றே எளிது. பெரும்பாலான ஹாப்களில் எந்த நாப்பை அழுத்தினாலும் எல்லா பர்னரிலும் ஒரே நேரத்தில் பொறி வரும். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அது இயல்பு. எதிலுமே பொறி இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள், அல்லது பிளக்கைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்த ஊசியைத் துடையுங்கள்.

ஹாப்பின் உண்மையான மதிப்பு பொறியில் இல்லை. சில ஹாப்களில் பர்னர் ஓரத்தில் இன்னொரு ஊசி இருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். சுடர் பட்டதும் சில பத்து மில்லிவோல்ட் உண்டாக்கி, கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கும் வேலை அதனுடையது. காற்றடித்தோ பால் பொங்கியோ சுடர் அணைந்தால் ஊசி ஆறும், வால்வு தானே மூடும். வெளிநாட்டு வாட்டர் ஹீட்டர்களில் எப்போதும் எரியும் பைலட் சுடரைக் காவல் காப்பதும் இதே ஏற்பாடுதான். அங்கேயும் இங்கேயும் வரும் புகார் ஒன்றே: "கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது." ஊசி சூடேற நேரம் வேண்டும், பற்றியதும் நாப்பைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் அணைந்தால் ஊசியில் கரி ஏறியிருக்கும், அல்லது சுடர் அதன்மேல் படாமல் பர்னர் மூடி நகர்ந்திருக்கும். துடைத்து, மூடியை நேராக்கியும் சரியாகவில்லை என்றால் ஊசியை மாற்றச் சொல்லுங்கள். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்கிற மெக்கானிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேஸ் கீசர் இந்தக் கணக்கில் சேராது. வழக்கமான மாடல்களில் இரண்டு பெரிய பேட்டரியும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்தால்தான் பொறி வரும். மாடித் தொட்டி தாழ்வாக இருக்கும் வீட்டில் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. காற்றோட்டம் இல்லாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது.

மூன்றுக்கும் பொதுவான தொல்லை கேஸ் பக்கம்தான். ஜெட், அதாவது பர்னருக்குக் கேஸை விடும் சிறு துளையுள்ள முனை, அடைத்திருந்தால் சுடர் சிறுக்கும். மெல்லிய கம்பியால் மெதுவாகக் குத்தலாம், ஆனால் துளை பெரிதாகிவிடக் கூடாது. சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரிந்தால் காற்று போதவில்லை. கழுவிய பர்னருக்குள் தண்ணீர் நின்றாலும் இப்படித்தான். குழாய் கேஸுக்கு மாறுகிற வீடுகளில் ஜெட்டையும் மாற்ற வேண்டும், சிலிண்டருக்கான ஜெட் அதற்கு ஒத்துவராது.

என் தேர்வைக் கேட்டால், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும், பாலை வைத்துவிட்டு மறக்கிற வீட்டுக்கும் தெர்மோகப்பிள் உள்ள ஹாப். மற்றவர்களுக்குச் சாதாரண அடுப்பும் ஒரு நல்ல லைட்டரும். நடுவில் நிற்கும் ஆட்டோ இக்னிஷன், கை நடுங்குகிறவர்களுக்கோ மூட்டுவலியால் லைட்டரை அழுத்த முடியாதவர்களுக்கோ உதவும். மற்றபடி அது பாதுகாப்பு எதையும் கூட்டுவதில்லை. 'ஆட்டோ' என்றாலே கேஸ் தானாக நிற்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஹாப் வாங்கினால் பொருத்த வருபவரிடம் ஒன்று கேளுங்கள். பர்னரைச் சில நிமிடம் எரியவிட்டு, நாப்பைத் தொடாமல் ரெகுலேட்டரை மட்டும் மூடச் சொல்லுங்கள். சுடர் அணைந்து ஒரு நிமிடத்துக்குள் உள்ளே 'டிக்' என்று வால்வு விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.