வெட்டிப் பயமுறுத்துவதா, வெட்டாமலா?

மூன்று நிமிடக் குறும்படத்தில் கதை சொல்ல நேரம் கிடையாது. பயம் வர வேண்டுமென்றால் அது எடுக்கும் விதத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: 2008-இல் ஆண்டி முஸ்கியெட்டி எடுத்த ஸ்பானிஷ் குறும்படம் 'மமா', 2013-இல் டேவிட் சாண்ட்பெர்க் எடுத்த 'லைட்ஸ் அவுட்'. இரண்டுமே பிறகு முழுநீளப் படங்களாக வந்தன.

'மமா' ஒரே நீண்ட ஷாட்டாக ஓடுகிறது. இரண்டு சிறுமிகளின் பின்னாலேயே கேமராவும் போகிறது. நடுவில் ஒரு வெட்டு, அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடம், வந்தால் நாம் மூச்சுவிட்டுக்கொள்வோம். அது வருவதே இல்லை. அந்த வீட்டுக்குள் நாமும் மாட்டிக்கொள்கிறோம். ஆனாலும் சிறுமிகள் இருவர். பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது.

'லைட்ஸ் அவுட்'டில் அந்தக் கையும் இல்லை. ஒரே ஒரு பெண், இயக்குநரின் மனைவி லோட்டா லோஸ்டன். பேச்சே இல்லை. விளக்கை அணைத்தால் இருட்டில் ஓர் உருவம், போட்டால் யாருமில்லை. மறுபடி அணைக்கிறாள், மறுபடி போடுகிறாள். விதி நமக்குப் பிடிபட்டதும், அடுத்த முறை அணைக்காதே என்று மனசு கெஞ்சுகிறது. அணைக்கும்போது உருவம் கிட்டே வந்திருக்கிறது! படத்தொகுப்பின் வேலையைச் சுவிட்சே செய்துவிடுகிறது.

தனிமையைக் காட்டுவதில் எனக்கு இதுதான் ஒரு படி மேல். முதல் குறும்படம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நீண்ட ஷாட்டில் கடைசி நொடியில் ஒருவர் தடுமாறினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். 'லைட்ஸ் அவுட்' வழிக்கு ஒரு வீடும் ஒரு சுவிட்சும் போதும்.