செராமிக் கோட்டிங்கா, ரெண்டு வாளியா?

தை மாதம் அடர்நீல கார் எடுத்தேன். அதே மாதம் மச்சினன் கருப்பு எடுத்தான். அவன் 22,000 ரூபாய் கொடுத்து, பெயின்ட் மேல் கெட்டியான படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டான். நான் பெயின்டைக் காக்க வீட்டிலேயே அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே சீலன்ட் ஒரு பாட்டில், நாலு மைக்ரோஃபைபர் துணி, ரெண்டு வாளியோடு நின்றுவிட்டேன். எட்டு மாதமாக இரண்டும் எங்கள் சேலம் கன்னங்குறிச்சி வீட்டு வாசலில்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பளபளப்பில் அவன் வண்டிதான் முதல். என் சீலன்ட் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முன்னால் போகிற லாரி தெறிக்கும் கல்லுக்கு இரண்டுமே தாங்காது. அதற்கு பி.பி.எஃப். என்ற கனமான பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும். நான் ஒட்டியதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீர் எப்படி என்று வீட்டு ஹீட்டர் ராடைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் பூத்திருக்கும். கோட்டிங் போட்ட பெயின்டில் தண்ணீர் அழகாக முத்து முத்தாக நிற்கும். நிற்பதுதான் வம்பு. வெயிலில் அந்தத் துளி வற்றினால் அதிலிருந்த கால்சியம், மெக்னீசிய உப்பு வட்டமாக அப்படியே படியும். அன்றைக்கே பார்த்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துக் கழுவினால் போய்விடும். விட்டுவிட்டால் பாலிஷ்தான். பாலிஷ் தேய்த்தால் சில மைக்ரான் தடிமனே உள்ள கோட்டிங்கும் சேர்ந்து போகும். மச்சினன் பானட்டில் இப்போது அந்த நிலைமை. திரும்பக் கடைக்குப் போக வேண்டும். எனக்கு வந்தால் லேசாகப் பாலிஷ் போட்டு, அரை மணி நேரத்தில் ஸ்ப்ரே அடித்துவிடுவேன்.

"என்ன மாமா, இன்னும் வாளியும் கையுமா?" என்று கேட்டவன், இப்போது ஞாயிற்றுக்கிழமை என் துணியைக் கடன் கேட்கிறான்.

வெயில் ஏறுமுன், பானட் சூடாக இல்லாதபோது கழுவுகிறேன். முதலில் வெறும் தண்ணீரால் தூசியை இறக்கிவிட வேண்டும். கருப்பூர் பக்கம் போய்வந்தால் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத் தூசி மாவு மாதிரி ஒட்டியிருக்கும், அதை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். ஒரு வாளி ஷாம்பு, இன்னொன்று துணியை அலச. மேலிருந்து கீழே, ஒவ்வொரு பக்கமாகக் கழுவி உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுவேன். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், சீலன்டைக் கழற்றிவிடும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிடாதீர்கள். உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான்.

கழுவ இடமே இல்லாத அபார்ட்மென்ட்காரர்களுக்கு, அல்லது நாள் முழுக்க வெயிலில் நிறுத்துபவர்களுக்கு, கோட்டிங் சரியாக இருக்கலாம். மூன்றாவது வருடத்தில் எது ஜெயிக்கும் என்று எட்டு மாத அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

கடைசி அலசலுக்கு மட்டும், போர் தண்ணீருக்குப் பதிலாக, குழாயில் வரும் மேட்டூர் குடிநீர் ஒரு வாளி. அது வருகிற நாளில் குடத்துக்கு முன்னால் என் வாளியை வைத்தால் வீட்டில் நடக்கிற பேச்சு தனிக்கதை.