ஆஸ்பிரின் 75: கணையத்துக்காகப் போட்டுப் பார்த்தேன்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து வீட்டில் இந்த மாத்திரை ஓடுகிறது. 14 மாத்திரை உள்ள அட்டை, ஒரு டீ விலைகூட வராது. இதயத்துக்கு அது செய்யும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கதை வேறு. பெரியப்பா கணையப் புற்றுநோயில் போனார். மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. அந்தப் பயத்தில், ஆஸ்பிரின் இதைத் தடுக்குமாம் என்று காதில் விழுந்ததும் அப்பாவின் அட்டையிலிருந்தே தினம் ஒன்று கிள்ளிப் போட ஆரம்பித்தேன். யாரையும் கேட்கவில்லை, தப்புதான்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நெஞ்செரிச்சல், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், ஒருநாள் ஷேவ் செய்யும்போது கீறிய இடம் கால் மணி நேரம் கசிந்துகொண்டே இருந்தது. இன்னொன்று, அடுப்புக்கு மேலே வைத்திருந்த அட்டையைப் பிரித்தால் வினிகர் வாடை. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சிதைந்து அசிட்டிக் அமிலம் வரும், அப்படி வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எண்ணம் ஒன்றும் முட்டாள்தனமில்லை. கணையத்தில் நாள்பட்ட அழற்சி இருந்தால் புற்று வரும் அபாயம் கூடும், அங்கே வரும் கட்டிகள் பலவற்றில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 என்சைம் அதிகம், அதை அடக்கும் மருந்துகளில் ஆஸ்பிரினும் ஒன்று. குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு உள்ள 861 பேரை வைத்து நடந்த காப்-2 சோதனையில், தினம் 600 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் குடல் புற்று குறைந்தது, ஆனால் பலன் தெரியவே வருடக்கணக்கானது. சரி, குடல் கணையமாகுமா, 600 தான் 75 ஆகுமா? பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரில் பாதிப் பேருக்கு 100 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரீ சோதனையில் ஆஸ்பிரின் பக்கம்தான் புற்றுநோய்ச் சாவு அதிகம், 2018-இல் வந்த முடிவு அது.

கடையில் விற்கிற மருந்துதானே, என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு வயாக்ஸ் ஞாபகம் இருக்கட்டும். மூட்டுவலிக்கு விற்றுக்கொண்டிருந்ததைக் குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு கட்டிகளைத் தடுக்குமா என்று சோதித்தபோதுதான் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004-இல் திரும்பப் பெற்றார்கள்.

அட்டைக் கணக்கு இடிக்கிறதே என்று அப்பா கேட்டு, விஷயம் டாக்டர்வரை போனது. மாத்திரையோடு சிகரெட்டையும் விடச் சொன்னார், கணையத்துக்கு அதுதான் நேரடி எதிரியாம்.

கணையத்துக்காக என்றால் இப்போதைக்கு என் மதிப்பெண் 5-க்கு 1. ஸ்டென்டுக்காகப் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தித் தொலைக்காதீர்கள்.